செய்திக்குப் பொதுவழி: திறந்த, பரவலாக்கப்பட்ட உரையாடல் சேவைகள்

உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கு உறுப்புகள் மூன்று. பயனர் கையிலுள்ள செயலி ஒன்று. செய்தியை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் வழங்கி, அதாவது சர்வர், மற்றொன்று. இவை தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பான நெறிமுறை மூன்றாவது. வாட்ஸ்அப்பில் இம்மூன்றும் மெட்டா நிறுவனத்தின் கையில் உள்ளன. டெலிகிராமின் செயலி திறந்த நிரல், அதன் வழங்கி மூடியது. சிக்னலின் நிரலை எவரும் படிக்கலாம். ஆயினும் அதே நிரலைக் கொண்டு வேறொருவர் நடத்தும் வழங்கி, சிக்னலின் வழங்கியோடு பேச முடியாது. திறந்த, பரவலாக்கப்பட்ட சேவையின் அமைப்பு வேறு. அங்கே நெறிமுறை வெளிப்படையாக வெளியிடப்பட்ட பொதுச்சொத்து. அதற்கேற்பச் செயலியை எவரும் எழுதலாம், வழங்கியை எவரும் நடத்தலாம். ஒரு வழங்கியில் கணக்குள்ளவர், வேறெந்த வழங்கியில் இருப்பவருக்கும் எழுதலாம்.

இப்படியோர் ஏற்பாடு மக்களுக்குப் பழகியதுதான். சிதம்பரத்தில் பி.எஸ்.என்.எல். எண் வைத்திருப்பவர் கடலூரில் ஏர்டெல் எண் வைத்திருப்பவரோடு பேசுகிறார். இரு நிறுவனங்களும் தம் வலைப்பின்னல்களை இணைத்தாக வேண்டும் என்பது தொலைபேசித் துறையின் விதி. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் நாடு முழுவதும் வந்துவிட்டது. மின்னஞ்சலிலும் பல்கலைக்கழகத்தின் முகவரியிலிருந்து ஜிமெயிலுக்கு எழுதத் தடையேதும் இல்லை. பெருவழக்கான உரையாடல் சேவைகளில் மட்டும் இந்த இரு உரிமைகளும் இல்லை. பெற்றோர் குழு, கடைமடை விவசாயிகளின் தண்ணீர்ச் செய்தி, அலுவலகச் சுற்றறிக்கை, உறவினர் குழு எல்லாம் ஒரே செயலிக்குள் அடங்கிவிட்ட நிலையில், அதைவிட்டு விலகுபவர் ஒரு மென்பொருளை மட்டும் இழப்பதில்லை. ஊரோடு இருந்த தொடர்பையும் இழக்கிறார்.

தமிழ் இதே சிக்கலை வேறொரு தளத்தில் ஒருமுறை சந்தித்து மீண்டிருக்கிறது. 1990களில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தனர். ஒன்றில் தட்டச்சிட்டதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் உருவாயின. இணையத்தில் எழுதிய தமிழரிடையே திஸ்கி என்ற மற்றொரு குறியேற்றம் பரவியது. பிறகு யூனிகோடு நிலைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று எந்தக் கைபேசியில் தட்டினாலும் தமிழ் தமிழாகவே போய்ச் சேர்கிறது. எழுத்து மட்டத்தில் கிடைத்த இந்தப் பொதுத்தரம், செய்தி மட்டத்தில் நடைமுறைக்கு வராமலே இருக்கிறது. தரம் இல்லாததால் அல்ல; இருக்கும் தரத்தைப் பெரிய நிறுவனங்கள் ஏற்காததால்.

திறந்த கதவும் மூடிய கதவும்

இணைய உரையாடலின் தொடக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில். 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐ.ஆர்.சி., பல வழங்கிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் அமைப்பாகவே பிறந்தது. வணிகச் சேவைகள் பின்னர் வந்தவை. 1996இல் ஐ.சி.க்யூ., அடுத்த ஆண்டு ஏ.ஓ.எல்., 1998இல் யாகூ, 1999இல் மைக்ரோசாஃப்ட் என வரிசையாக வந்த ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. தமிழக ஊர்களின் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறைக்கு உரையாடல் என்றால் யாகூ மெசஞ்சர்தான். 2018 ஜூலை 17 அன்று அந்நிறுவனம் சேவையை நிறுத்தியபோது, அதிலிருந்த நட்புப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேறிடம் இருக்கவில்லை.

இந்தத் தீவுகளுக்கு மாற்றாக அமெரிக்கரான ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் ஜாபர் என்ற திட்டத்தை அறிவித்தார். அதன் நெறிமுறையை இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2004இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் ஏற்று வெளியிட்டது. 2011இல் திருத்திப் புதுப்பித்தது. கூகுள் 2005 ஆகஸ்டில் தொடங்கிய கூகுள் டாக் இந்த நெறிமுறையில்தான் இயங்கியது. 2006 ஜனவரியில் பிற வழங்கிகளுக்கும் கதவைத் திறந்தது. ஏழாண்டுக் காலம், சொந்த வழங்கி வைத்திருந்த ஒரு கல்லூரியின் மாணவர் ஜிமெயில் பயனரோடு தடையின்றி உரையாட முடிந்தது. 2013 மே மாதம் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் அந்த இணைப்பைக் கைவிட்டது. ஃபேஸ்புக்கும் 2010இல் தன் உரையாடலுக்கு எக்ஸ்.எம்.பி.பி. வாயில் ஒன்றை வைத்து, 2015இல் மூடியது. அதுவும் வேறு செயலிகளை உள்ளே விட்டதே தவிர, வேறு வழங்கிகளை விட்டதில்லை.

இந்த வரலாற்றை வைத்துத் திறந்த நெறிமுறை தோற்றுவிட்டது என்று சொல்வது வழக்கம். சான்று வேறு மாதிரி பேசுகிறது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப், அலெக்ஸி ஷெப்பின் 2002இல் எழுதத் தொடங்கிய ஈஜாபர்டி என்ற கட்டற்ற வழங்கி மென்பொருளை எடுத்து, எக்ஸ்.எம்.பி.பி.யைச் சுருக்கித் தனக்கேற்ப மாற்றித்தான் வளர்ந்தது. 2014இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது அதன் பயனர்கள் சுமார் 45 கோடி. பொதுவில் விளைந்த தொழில்நுட்பம் அத்தனை கோடிப் பேரைத் தாங்கியது. வழங்கிகள் ஒன்றோடொன்று பேசும் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. அது பொறியியல் காரணத்தால் நேர்ந்ததன்று, வணிக முடிவு.

எதிர்வாதம் ஒன்று மதிப்புடன் கேட்கப்பட வேண்டியது. சிக்னலைத் தோற்றுவித்த மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2016இல் அதை முன்வைத்தார். ஆயிரம் பேர் ஆயிரம் வழங்கி நடத்தும் அமைப்பில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர ஆயிரம் பேரும் இணங்க வேண்டும். மின்னஞ்சல் இத்தனை ஆண்டுகளாகியும் முழு மறையாக்கம் பெறாதது இதனால்தான். ஒரே கையில் இருந்தால் ஒரே நாளில் எல்லோருக்கும் பாதுகாப்பைக் கூட்டிவிடலாம் என்பது அவர் வாதம். உண்மைதான்: 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும், பேசுபவர் மட்டுமே படிக்க முடிகிற முனைக்கு முனை மறையாக்கத்தை நிறைவாக்கியது. அதே ஒற்றைக் கைதான் 2021 ஜனவரியில், ஃபேஸ்புக்குடன் (இன்றைய மெட்டா) தகவல் பகிர்வதை ஏற்காதவர் சேவையைத் தொடர முடியாது என்று அறிவிக்கவும் வழிவகுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இதற்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஒற்றைக் கையில் ஏற்பட்ட பிழையால் 2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுவதும் வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. விரைந்த மாற்றத்தின் நன்மை, மாற்றுபவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

இயங்கும் முறை

எக்ஸ்.எம்.பி.பி. முகவரி மின்னஞ்சல் முகவரியைப் போன்றது: பயனர் பெயர், @ குறி, வழங்கியின் பெயர். செய்தி முதலில் அனுப்புபவரின் வழங்கிக்குப் போகும். அந்த வழங்கி, பெறுபவரின் வழங்கி எங்கே இருக்கிறது என்பதை இணையப் பெயர்ப் பட்டியலில் தேடி, அதனோடு நேரடியாக மறையாக்கம் செய்த இணைப்பை ஏற்படுத்திச் செய்தியை ஒப்படைக்கும். இடையில் மைய அலுவலகம் எதுவும் கிடையாது. குழு உரையாடல் மட்டும் ஏதாவது ஒரு வழங்கியில் தங்கியிருக்கும். அந்த வழங்கி விழுந்தால் குழுவும் அதுவரை முடங்கும்.

2014இல் மேத்யூ ஹாட்ஜ்சன், அமாண்டீன் லு பாப் ஆகியோர் தொடங்கிய மேட்ரிக்ஸ் இந்தக் குறையிலிருந்து புறப்பட்டது. அதில் உரையாடல் அறை எந்த ஒரு வழங்கியின் சொத்தும் அன்று. உறுப்பினர்களின் வழங்கிகள் ஒவ்வொன்றும் அறையின் வரலாற்றைத் தன்னிடம் படியெடுத்து வைத்துக்கொள்ளும். அண்ணாமலை நகரில் ஒரு வழங்கியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ள பரங்கிப்பேட்டையில் ஒரு வழங்கியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்த நாளிலும் இரு பக்கத்தாரும் தத்தம் இடத்தில் அதே அறையில் எழுதிக்கொண்டிருப்பர். இணைப்பு மீண்டதும் விடுபட்டவை இரு பக்கமும் வந்து சேரும். எக்ஸ்.எம்.பி.பி.யில் எட்ட முடியாத வழங்கிக்கு அனுப்பிய செய்தி பிழைச் செய்தியோடு திரும்பிவிடும். மேட்ரிக்ஸ் இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, நினைவகமும் கணிப்பொறித் திறனும். சிறிய கணினி ஒன்று எக்ஸ்.எம்.பி.பி. வழங்கியாக ஆயிரக்கணக்கானோரைத் தாங்கும். அதே கணினி, பல வழங்கிகள் சேர்ந்த பெரிய மேட்ரிக்ஸ் அறைகள் சிலவற்றில் சேர்ந்தாலே திணறும்.

தமிழ்ப் பயனருக்கு முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. எக்ஸ்.எம்.பி.பி. தரம் முகவரியின் இரு பகுதிகளிலும் யூனிகோடு எழுத்துகளை அனுமதிக்கிறது; .இந்தியா என்ற தமிழ் இணையப் பெயரோடு சேர்த்து முழு முகவரியையும் தமிழிலேயே அமைக்கலாம். மேட்ரிக்ஸ் புதிய பயனர் பெயருக்கு ரோமன் சிற்றெழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றையே ஏற்கும். தமிழ் காட்சிப் பெயரில்தான் இடம்பெற முடியும். மொழியைக் கருத்தில் கொண்டு தேர்ந்தெடுப்பவர் இதைச் சிறு குறை என்று ஒதுக்கக் கூடாது.

வழங்கியே இல்லாத வகையும் இருக்கிறது. பிரையர் என்ற செயலி, இணையம் இருந்தால் பயனரின் இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாகவும், இல்லையென்றால் அருகிலுள்ள கைபேசிகளுக்குப் புளூடூத், வைஃபை வழியாகவும் செய்தியைக் கடத்தும். டெல்டா சாட் வேறு வகை: ஏற்கெனவே இருக்கும் மின்னஞ்சல் வழங்கிகளையே உரையாடலுக்குப் பயன்படுத்துகிறது.

மறையாக்கமும் பரவலாக்கமும் ஒன்றெனக் கொள்வது பெருவழக்கான குழப்பம். டிரெவர் பெரினும் மார்லின்ஸ்பைக்கும் 2013இல் வகுத்த இரட்டைச் சுழல் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் புதிய சாவி பிறக்கிறது. சாவிகள் பேசுபவர் கருவிகளிலேயே இருக்கும். சிக்னலும் வாட்ஸ்அப்பும் பயன்படுத்துவது இதையே. எக்ஸ்.எம்.பி.பி.யின் ஓமெமோ, மேட்ரிக்ஸின் ஓல்ம் ஆகியவையும் இதன் வழித்தோன்றல்களே. ஆகவே உள்ளடக்கத்தின் பாதுகாப்பில் பெரிய இடைவெளி இல்லை. யார், யாரிடம், எப்போது, எங்கிருந்து பேசினார் என்ற சுற்றுத்தகவலில்தான் வேறுபாடு. மூடிய சேவையில் அது கோடிக்கணக்கானோருக்கும் சேர்த்து ஓரிடத்தில் குவிகிறது. பரவலான அமைப்பில் அது சிதறிக் கிடக்கிறது. அதே வேளையில் சிறிய வழங்கியின் நிர்வாகி தன் பயனர்களின் தொடர்புகளை அறிய முடியும். மேட்ரிக்ஸில் அறையின் உறுப்பினர் பட்டியல் பங்கேற்கும் வழங்கிகள் எல்லாவற்றுக்கும் செல்கிறது. அறிமுகமானவரை நம்புவதா, அறிமுகமற்ற நிறுவனத்தை நம்புவதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் ஒரே விடை கிடையாது. அலுவலக வழங்கியில் தொழிற்சங்கப் பேச்சு பேச விரும்பாதவரின் தயக்கம் நியாயமானது. அவர் வேறொரு வழங்கியில் கணக்கு வைத்துக்கொண்டு அலுவலகக் குழுவிலும் இருக்க முடிவதே இந்த அமைப்பின் பலம்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இந்த விவாதத்தின் முக்கியமான கட்டம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் வந்த மனுக்கள், விசாரணையில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறின. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, அனுப்புபவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே கொண்டுசெல்லலாம் என்றார். மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன், அந்த முறை குற்றவாளியைப் பிடிக்க உதவாது, மற்றவர்களின் அந்தரங்கத்தையே குறைக்கும் என்று மறுத்தார். வழக்கு பின்னர் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட செய்திச் சேவைகள் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் வசதியை வைத்திருக்க வேண்டும் என்றன. சிறு வழங்கிகள் அந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன.

வெளியே இருப்பது பாதுகாப்பு என்று பொருளாகாது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023 மே மாதம் 14 செயலிகள் முடக்கப்பட்டன. அவற்றில் மேட்ரிக்ஸின் பெயர்பெற்ற செயலியான எலிமென்ட், பிரையர் ஆகிய கட்டற்ற மென்பொருள்களும் இருந்தன. ஒரே நிறுவனத்தின் சேவைக்கு விழும் தடை சேவை முழுவதையும் நிறுத்திவிடும். இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் வாட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டபோது தமிழ், சிங்கள மக்கள் இரு தரப்பினருமே அவற்றின் வழியான தொடர்பை இழந்தனர். எலிமென்ட் முடக்கத்தின் விளைவு அப்படியில்லை. அதே நெறிமுறையைப் பேசும் வேறு செயலிகளால் அதே கணக்கை, அதே அறைகளைத் திறக்க முடிந்தது. ஆயினும் எலிமென்ட்டைத் தவிர வேறு செயலி இருப்பதே தெரியாத சாதாரணப் பயனருக்கு அது முழு முடக்கம்தான். கட்டற்ற இயங்குதளமான டெபியனின் பங்களிப்பாளரும் கேரளத்தைச் சேர்ந்தவருமான பிரவீண் அரிம்பிரத்தொடியில் இந்தத் தடையை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார்.

அவர் சார்ந்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் குழுமம், எக்ஸ்.எம்.பி.பி., மேட்ரிக்ஸ் வழங்கிகளை நன்கொடையாலும் தன்னார்வ உழைப்பாலும் பல ஆண்டுகள் நடத்திவந்தது. அந்த அனுபவத்தில் பிறந்ததே பிரவ் என்ற முயற்சி. கைபேசி எண்ணைக் கொண்டு எளிதாகப் பதிவுசெய்யும் எக்ஸ்.எம்.பி.பி. செயலியையும் சேவையையும், பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பயனர்களே உரிமையாளர்களாக நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான எண்ணமாக இருக்க முடியாது. நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்று 1904இல் பதிவானது திருவள்ளூரை அடுத்த திரூரில். உழவருக்குக் கடன் கொடுக்கும் பணியை வட்டிக்காரரிடமிருந்து மீட்க உதவிய அதே சட்ட வடிவம், செய்தியைக் கொண்டுசேர்க்கும் பணிக்கும் பொருந்தும் என்பதைப் பிரவ் குழுவினர் கண்டது பாராட்டுக்குரியது.

தமிழ்நாட்டின் சோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட அரட்டை, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென நாடெங்கும் பரவியது. ஒரு நாளில் 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் 3,50,000 ஆகிவிட்டதாக சோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். உள்நாட்டுச் செயலி என்ற பெருமை உரியதே. ஆனால் வழங்கி எந்த நாட்டில் இருந்தாலும், அது ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை பயனரின் நிலை மாறுவதில்லை. இதை வேம்புவே உணர்ந்திருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்: இத்தகைய சேவைகள் யு.பி.ஐ.யையும் மின்னஞ்சலையும் போல ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்றும், நெறிமுறையை வகுத்து வெளியிட, இந்திய மென்பொருள் துறையின் சிந்தனைக் குழுவான ஐஸ்பிரிட் அமைப்போடு பேசத் தொடங்கியிருப்பதாகவும் அவர் அப்போது சொன்னார்.

அவர் சொன்ன இரு எடுத்துக்காட்டுகளும் ஒன்றல்ல. யு.பி.ஐ.யில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும். ஆனால் ஒவ்வொரு பரிமாற்றமும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மைய அமைப்பைக் கடந்தே போக வேண்டும். பணத்துக்கு அப்படியொரு மையக் கணக்கு தேவைப்படலாம். தனிமனிதரின் பேச்சுக்கு அது வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப்பைப் பிற சேவைகளுக்கு வழிவிடக் கட்டாயப்படுத்துகிறது. அங்கும் மற்றவர்கள் வாட்ஸ்அப் வகுத்த நிபந்தனையின் பேரில் அதன் வாசலுக்கு வந்து இணைகிறார்கள். இணைந்து இயங்குவது முதல் படி. மின்னஞ்சலைப் போல மையமின்றி இயங்குவது அடுத்த படி. இந்தியாவில் தரம் எழுதப்படுமானால் அது இரண்டாவதைக் குறிவைக்க வேண்டும்.

ஒரு நிறுவனம் செய்யக் கூடியது

நெறிமுறை மட்டும் பரவலாக்கத்தைத் தந்துவிடாது. வழங்கி நடத்துபவர்கள் பரவலாக இருக்க வேண்டும். மேட்ரிக்ஸ் பயனர்களில் கணிசமானோர் அதன் முதன்மை வழங்கி ஒன்றிலேயே குவிந்திருப்பது இதற்குப் பாடம். பிரான்ஸ் அரசு 2019இல் தன் ஊழியர்களுக்கு மேட்ரிக்ஸ் வழியாக சாப் என்ற சேவையைத் தொடங்கியது. ஜெர்மன் ராணுவமும் தனக்கென மேட்ரிக்ஸ் சேவை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இப்பணிக்கு முதலில் பொருந்துபவை பல்கலைக்கழகங்கள். 1929இல் தொடங்கி, 1979 முதல் தொலைதூரக் கல்வியும் நடத்திவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பல ஊர்களிலும் சிதறி வாழ்கிறார்கள். அத்தகைய நிறுவனத்துக்குத் தன் பெயரிலேயே முகவரி தரும் செய்திச் சேவை, மின்னஞ்சலைப் போலவே இயல்பான தேவை.

செலவு அச்சப்படும்படி இல்லை. 10,000 பேர் நாளுக்கு 50 எழுத்துச் செய்திகள் அனுப்பினால் 5 லட்சம் செய்திகள். ஒன்றுக்கு ஒரு கிலோபைட் என்றாலும் நாளுக்கு 500 மெகாபைட்தான். படமும் காணொளியும் இதைப் பலமடங்காக்கும்; அவற்றுக்கு அளவும் காலவரம்பும் வைத்துக் கட்டுப்படுத்தலாம். கடலோர மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நேரத்தில் வளாகத்துக்குள் ஜெனரேட்டரில் இயங்கும் வழங்கியும் வைஃபையும் இருந்தால், வெளி இணையம் அறுந்தாலும் விடுதி, மருத்துவமனை, அலுவலகம் ஆகியவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். முகவரியைக் கண்டறியும் பெயர்ப் பட்டியலும் வளாகத்துக்குள்ளேயே ஒரு படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

குறைகளும் மறைக்கக் கூடியவை அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் புதிய செய்தி வந்ததை அறிவிக்கும் பணி பெரும்பாலும் கூகுளின் அமைப்பு வழியாகவே நடக்கிறது. எக்ஸ்.எம்.பி.பி.யின் கான்வர்சேஷன்ஸ் செயலி தன் வழங்கியோடு நேரடி இணைப்பு வைத்துக்கொண்டு இதைத் தவிர்க்க முடியும். ஐபோனிலோ ஆப்பிளின் வழியன்றி வேறு வழி இல்லை. கைபேசி தொலைந்து, சாவிக்கு மாற்றுப் படியும் இல்லையென்றால் பழைய செய்திகள் திறக்காது. எந்த வழங்கியிலிருந்தும் செய்தி வரலாம் என்பதால் தேவையற்ற செய்திகளும் வரும்; அவற்றை வடிகட்ட ஆள் வேண்டும். கணக்கை ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு முழுமையாக மாற்றுவது இன்னும் எளிதாகவில்லை. எண் மாறாமல் நிறுவனம் மாறும் கைபேசி வசதிக்கு இணையானது இங்கே வர வேண்டியிருக்கிறது. தன் சொந்த இணையப் பெயரில் வழங்கி நடத்தும் நிறுவனத்துக்கு மட்டும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை: மென்பொருளையோ கணினியையோ மாற்றினாலும் முகவரிகள் அப்படியே இருக்கும். அதற்கு இணையப் பெயரை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிப்பதும், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் இடுவதும், பொறுப்பாளர் பணி மாறும்போது கடவுச்சொற்களும் குறிப்பேடும் அடுத்தவர் கைக்கு முறையாகப் போய்ச் சேருவதும் வேண்டும்.